‘விருப்பம்’ என்னும் பெயரில்

(போர்ட் பிளேர் மரைன் ஹில்லில் நடைபெற்ற கட்சி உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



துணை தேடும் இளைஞர்கள் இன்று தரகரிடம் செல்வதில்லை. கைப்பேசிச் செயலியைத் திறக்கிறார்கள். தரகர் போனாரே தவிர, அவர் கேட்ட கேள்விகள் போகவில்லை.

அமெரிக்காவின் ஓகேகியூபிட் நிறுவனர்களுள் ஒருவரான கிறிஸ்டியன் ருடர், தம் பயனர்களின் தரவுகளை 2014-இல் வெளியிட்டார். கறுப்பினப் பெண்களும் ஆசிய ஆண்களும் பிறரால் குறைவாகவே மதிப்பிடப்பட்டிருந்தனர். அதைவிடக் கவனத்திற்குரியது வேறொன்று. இனம் பார்ப்பதில்லை என்று வினாக்களுக்கு விடையளித்தோர் ஆண்டுக்காண்டு பெருகினர். அவர்கள் பிறருக்கு அளித்த மதிப்பெண்களிலோ அந்த மாற்றம் தென்படவில்லை.

நம் நாட்டு நிலை என்ன? தோல் நிறத்தைக் கொண்டு வரன் தேடும் வசதியை ஷாதி.காம் 2020 ஜூனில்தான் நீக்கியது. ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பின், வெளிநாடுவாழ் இந்தியப் பெண்கள் கையொப்பம் திரட்டியதன் விளைவு அது. அகற்றத் தவறிய பழைய எச்சம் என்று நிறுவனம் சமாதானம் சொன்னது. நிறம் போயிற்று, சாதி போகவில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத்மேட்ரிமோனி குழுமம் சாதிக்கொரு தளமே நடத்துகிறது. ‘சாதி தடையில்லை’ என எழுதி, அடுத்த வரியில் ‘எஸ்.சி., எஸ்.டி. தவிர’ என்று சேர்ப்போரையும் நாம் அறிவோம்.

இவற்றுக்கெல்லாம் நிறுவனங்கள் இட்டிருக்கும் பெயர் ‘விருப்பம்’. மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் இச்சொல் என்னை உறுத்துகிறது. விலக்குதல் என்பதே இதற்குச் சரியான தமிழ். பலர் விலக்குவதைக் கண்டு செயலியும் கற்றுக்கொள்கிறது. விலக்கப்பட்டோரை மேலும் பின்னுக்குத் தள்ளுகிறது. தப்பெண்ணம் அங்கே சந்தாவாகி, இலாபமாகிறது. அகமணமே சாதியின் சாரம் என்று அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1916-லேயே நிறுவினார். அந்த அகமணத்துக்குத்தான் இன்று மென்பொருள் எழுதப்படுகிறது.

இத்தீவின் வரலாறு வேறு. 1858-இல் தொடங்கிய தண்டனைக் குடியேற்றத்தில் ஆண், பெண் கைதிகள் சாதியும் மாகாணமும் கடந்து மணந்தனர். அவர்தம் வழித்தோன்றல்களே ‘லோக்கல்’ எனப்படுவோர். அது புரட்சியன்று, ஆங்கிலேயனின் குடியேற்றத் தேவை. ஆயினும் வேலி முறிந்தது. பின்னாளில் கப்பலேறி வந்த நாம்தான் சாதியை மூட்டையோடு மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கினோம்.

திருநெல்வேலியில் 2024 ஜூனில், சாதி மறுப்புத் திருமணம் ஒன்றை நடத்திவைத்ததற்காக நமது கட்சி அலுவலகம் சூறையாடப்பட்டது. மறு ஆண்டு, கவின் செல்வகணேஷ் ஆணவப் படுகொலைக்குப் பின், காதல் திருமணங்களுக்காக நம் அலுவலகங்கள் திறந்திருக்கும் என மாநிலச் செயலாளர் தோழர் பெ. சண்முகம் அறிவித்தார். ஆணவக் கொலைகளுக்கு எதிரான தனிச் சட்டத்தையும் நாம் கோருகிறோம்.

அலுவலகக் கதவைத் திறந்து வைத்தவர்கள் வீட்டில் என்ன செய்கிறோம்? பிள்ளைகளின் திருமணப் பதிவுகளை நிரப்புவது பெரும்பாலும் பெற்றோராகிய நாம்தான். சாதிக் கட்டத்தில் எதை எழுதினோம், எதிர்பார்ப்பு என்னும் கட்டத்தில் யாரை விலக்கினோம் என்பதை அடுத்த கிளைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு தோழர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.