வேறொரு வீட்டு நத்தார்

(பலெர்மோவில் நடந்த இளையோர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

பிள்ளைகள்! தோழர்களே எண்டு கூப்பிடச் சொன்னார்கள். அதுவும் எனக்குப் பிடித்த சொல்தான். ஆனால் உங்களில் பாதிப் பேருக்கு என்ர மகளின் வயது. இரண்டையும் மாறி மாறிச் சொல்லுவன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

போன சந்திப்பில் ஒரு தங்கச்சி கேட்டா: "முதலாளி வீட்டில நத்தாருக்கு விடிய விடிய வேலை செய்துபோட்டு, அதைச் சந்தோசம் எண்டு சொல்லுறது எங்களை நாங்களே ஏமாத்துறது இல்லையா அக்கா?" நியாயமான கேள்வி.

நான் ஒரு வீட்டில் தங்கி, வயதான ஒரு அம்மாவைப் பராமரிக்கிறன். இத்தாலியில் எங்களை 'பதாந்தே' எண்பார்கள். எங்கட சனம் எண்பதுகளில் இருந்து இந்த ஊருக்கு வருகுது. வந்தவர்களில் பெரும்பாலானோருக்குக் கிடைத்தது வீட்டு வேலைதான். நான் சைவப் பிள்ளை. ஆனாலும் ஞாயிறு காலையில் மொன்தே பெல்லெக்ரினோ மலையேறி சாந்தா ரொசாலியாவைக் கும்பிடுவன். பலெர்மோத் தமிழருக்கு இது அதிசயமில்லை.

முதலில் ஒரு சின்ன விசயம். தமிழ்நாட்டில் கிறிஸ்துமஸ் எண்டு சொல்லுறதை நாங்கள் நத்தார் எண்டுதான் சொல்லுவம். போர்த்துக்கேயர் விட்டுவிட்டுப் போன சொல். இஞ்ச வந்தால் 'நத்தாலே' எண்ணினம். எங்கட நத்தார் பாப்பாவுக்கு இவையள் 'பப்போ நத்தாலே' எண்ணினம். மொழி ஒன்றும் தெரியாமல் வந்த வருசம் எனக்குப் படிக்காமலே விளங்கிய முதல் சொல் அதுதான்.

இஞ்சத்தை மார்கழி லேசான மாதமில்லை. 8ஆம் திகதி மாதாவின் திருநாள். 13 சாந்தா லூச்சியா. அன்றைக்கு பலெர்மோவில் பாணும் பாஸ்தாவும் தொடமாட்டார்கள். சோறு உருட்டி, உள்ளே இறைச்சி வைத்துப் பொரித்த 'அரஞ்சினா'. பலெர்மோக்காரருக்கு அது பெண்பால், கத்தானியாக்காரருக்கு ஆண்பால். சோத்து உருண்டைக்கு ஆண் பெண் பார்த்துச் சண்டை பிடிக்கிற ஊர் இது! அன்றைக்கே 'குச்சியா' எண்டு அவித்த கோதுமையில் இனிப்பான ரிக்கோத்தா சேர்த்துத் தருவினம். எனக்கு அது கோதுமைப் பொங்கல்தான்.

பிறகு 24 இரவு. பெரிய விருந்து. உப்புப்போட்ட கொட் மீனை இரண்டு மூன்று நாள் முன்னாலேயே தண்ணி மாத்தி மாத்தி ஊறவைக்க வேணும். 'கார்தி' எண்ட தண்டை மாவில் தோய்த்துப் பொரிக்க வேணும். அத்திப்பழம் வைத்த 'புச்செல்லாத்தோ' வளையம் வேற. பதினெட்டுப் பேர். அந்த அம்மாவின் ஒரு மகன் மிலானில், மகள் ஜேர்மனியில். மிலானில் இருந்து வாற ரயிலைப் பெட்டியோடு கப்பலில் ஏற்றி மெசினா நீரிணையைக் கடத்துவினம். சிசிலியில் வேலை இல்லாமல் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சனம் வெளியேறுகுது. பிள்ளைகள் எங்க வந்துவிட்டார்கள், ரயில் கப்பலில் ஏறிவிட்டுதா எண்டு அந்த அம்மா பத்து நிமிசத்துக்கொருக்கால் கேட்கும்போது, யாழ்ப்பாணத்தில் ரெலிபோனுக்குப் பக்கத்தில் இருந்த என்ர அம்மாதான் ஞாபகம்.

இனிக் கணக்குக்கு வருவம். 24 விடுமுறை நாள் இல்லை, தெரியுமோ? 25உம் 26உம்தான். தங்கி வேலை செய்பவருக்கு ஒப்பந்தப்படி நாளுக்கு 10 மணித்தியாலம், வாரத்துக்கு 54. அதற்கு மேல் போனால் மேலதிக நேரம். இரவு 10 மணிக்குப் பிறகு 50 வீதம் கூட, விடுமுறை நாளில் 60 வீதம் கூட. நள்ளிரவு தாண்டினால் 25 ஆகிவிடும். யேசு பிறக்கிற நேரத்தில் எங்கட 60 வீதமும் பிறந்துவிடும். மார்கழியில் பதின்மூன்றாவது மாதச் சம்பளமும் தரவேண்டும். வீட்டு வேலையாளருக்கான சர்வதேச உடன்படிக்கை, 189ஆம் இலக்கம், 2011இல் வந்தது. இத்தாலி 2013இல் ஏற்றுக்கொண்டது. பெண்களை வீட்டு வேலைக்கு அனுப்பி அந்நியச் செலாவணி எண்ணுகிற இலங்கை அரசு ஏற்றுக்கொள்ளவில்லை.

முன்பு வேலை செய்த ஒரு வீட்டில் "நீ எங்கட குடும்பத்தில ஒருத்தி" எண்டு கட்டிப்பிடித்துச் சொன்னார்கள். அந்த வருசம் பதின்மூன்றாவது சம்பளம் வரவில்லை. குடும்பத்தில் ஒருத்தி எண்டால் மேசையில் ஏன் எனக்குக் கதிரை இல்லை?

இந்த வீட்டில் நான் குசினிக் கலண்டரில் மணித்தியாலங்களை எழுதி வைத்தன். 24 இரவு ஒரு மணிக்குக் கடைசித் தட்டைத் துடைத்துவிட்டு 'முடிஞ்சுது' எண்டு எழுதினன். மிலான் மகன் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மாத முடிவில் சரியான காசு வந்தது. அது பிறகு. அன்றைக்கு ஏப்ரனைக் கழற்றிவிட்டு நான் தொம்போலா விளையாட இருந்தன். எங்கட பிங்கோ மாதிரி, 90 இலக்கம், இலக்கத்துக்கு மேல் அவரைக்கொட்டை வைக்கிறது. இலக்கம் கூப்பிடுகிற முறை எனக்கு வந்தது. அந்த அம்மா, "உன்ர பாஷையில கூப்பிடு" எண்டா. நான் எழுபத்தேழு எண்டு கூப்பிட்டன். பேரப்பிள்ளைகள் 'ழ'வைப் பிடிக்கப் போய் நாக்குச் சுளுக்கி, கதிரையில் இருந்து விழுந்து சிரிச்சுதுகள். நானும் வயிறு நோகச் சிரிச்சன். முப்பத்திரண்டு தட்டு கழுவின கைதான், ஆனால் அந்த நேரம் அது வேலைக்காரியின் கை இல்லை. மணிக்கூட்டை நானே நிப்பாட்டியிருந்தன். அந்தத் தங்கச்சிக்கு நான் சொல்லுற வித்தியாசம் இதுதான்: சம்பளத்துக்குப் பதிலாகத் தாற அன்பு வேற, சம்பளம் எழுதி முடித்த பிறகு வாற சிரிப்பு வேற. முதலாவதைச் சந்தேகப்படுங்கோ. இரண்டாவதை எங்களிடமிருந்து பறிக்காதேங்கோ.

26ஆம் திகதி இவர்களுக்கு சாந்தோ ஸ்தேபனோ, மிச்சச் சாப்பாட்டு நாள். எங்களுக்கு 2004. முல்லைத்தீவையும் மட்டக்களப்பையும் கடல் கொண்டுபோன நாள். அதற்கு முதல்நாளும் லேசில்லை: 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில், மட்டக்களப்பு மரியாள் தேவாலயத்துக்குள் வைத்து ஜோசப் பரராஜசிங்கத்தைச் சுட்டார்கள். எங்கட நத்தாரில் இவ்வளவும் இருக்குது. இருந்தும் சிரிக்கிறம். 26 காலையில் எனக்கு லீவு வேணும் எண்டு முதலே கேட்டு வாங்கினன். விளக்கேற்றிவிட்டுத் திரும்பிவர, அந்த அம்மா மாதா படத்துக்கு முன்னால் தன்ர பங்குக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தி வைத்திருந்தா. ஆருக்கெண்டு நான் கேட்கவில்லை.

தை 6, எபிபானியா, அதுவும் விடுமுறை நாள்தான். அதுக்கு முதல் வீட்டுக்குப் போய் அம்மாவின் சம்பளத் துண்டை வாங்கிப் பாருங்கோ. இத்தாலியன் வாசிக்கத் தெரிந்தது உங்களுக்குத்தான். மார்கழியில் எத்தனை மணித்தியாலம் எழுதியிருக்கு, பதின்மூன்றாவது இருக்கோ எண்டு பாருங்கோ. குறைஞ்சிருந்தால் துண்டையும் கலண்டரையும் அடுத்த சந்திப்புக்குக் கொண்டு வாங்கோ, இருந்து கணக்குப் பார்ப்பம்.