மடிப்புப் படம் வரைய எந்த மென்பொருள்?

தங்கவயல் பாலகாட்டில் பிள்ளைகளுக்குக் காகித மடிப்பு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஓரிகாமி என்றால் இப்போது பலருக்குத் தெரிகிறது. ஒரு சதுரத் தாள். கத்தரி கிடையாது, பசை கிடையாது. மடித்து மடித்தே கொக்கு வரும், தவளை வரும், மூடி போட்ட பெட்டியும் வரும். எதிரே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் சுலபம். வெளியூர்ப் பிள்ளைக்குப் படம் வரைந்து அனுப்பலாம் என்று உட்கார்ந்தால்தான் சங்கதி தெரியும். 'எந்த மென்பொருளில் வரைவது மிஸ்?' என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு.

படம் வரைய ஒரு பொதுமொழி உண்டு. ஜப்பானியக் கலைஞர் அகிரா யோஷிசாவா 1954இல் வெளியிட்ட நூலில் கோடுகளும் அம்புகளுமாக அதை வகுத்தார். 1960களில் அமெரிக்கரான சாமுவேல் ராண்ட்லெட்டும், மேடை மந்திரவாதியான ராபர்ட் ஹார்பினும் அதைச் செப்பனிட்டுப் பரப்பினார்கள். துண்டு துண்டான கோடு என்றால் தாளை முன்பக்கமாக மடிக்க வேண்டும்; அது பள்ளத்தாக்கு மடிப்பு. கோடும் புள்ளியும் மாறி மாறி வந்தால் பின்பக்கமாக. அது மலை மடிப்பு. தாளின் ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சாம்பல் நிறம். இவ்வளவு தெரிந்தால் மொழி தெரியாத நாட்டுப் புத்தகத்தையும் பிரித்து வைத்து மடிக்கலாம்.

இந்தக் குறிகள் வருவதற்கு வெகுமுன்பே, 1893இல், சென்னையில் ஒரு புத்தகம் அச்சானது. டி. சுந்தர ராவ் எழுதியது. தாளை மடித்தே வடிவியலைக் கற்றுக்கொடுக்கிற நூல். ஜெர்மானியக் கணித மேதை பெலிக்ஸ் கிளைன் அதைத் தம் நூலில் குறிப்பிட, 1901இல் சிகாகோவில் மறுபதிப்பு வந்தது. அந்தப் பதிப்பில் மடித்த தாள்களையே புகைப்படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள், மடிப்புத் தடம் தெரியும்படி. அழகான வேலை. ஆனால் புகைப்படத்தில் எதை முதலில் மடிப்பது, எதை அடுத்து மடிப்பது என்று தெரியாது. வரிசையைக் காட்டக் கோட்டுப்படம்தான் வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டேன். தாளை நான்காக மடித்து வையுங்கள். ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியாகப் பொருந்தியிருக்கும். உள்ளது உள்ளபடி வரைந்தால் ஒரு வெறும் சதுரம்தான் கிடைக்கும். அப்படியொரு படத்தைப் பார்த்து எங்கள் வகுப்புச் சிறுமி கேட்டாள்: "மிஸ், இதுல திறக்கிற வாய் எந்தப் பக்கம்?" அதனால் கை தேர்ந்தவர்கள் அடியில் இருக்கும் மடிப்பை ஒரு மில்லிமீட்டர் வெளியே தள்ளி வரைவார்கள். விளிம்பு இரட்டையாகத் தெரிந்தால் வாய் எது, முதுகு எது என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

எங்கள் ஊரில் சுரங்க வரைபடம் போட்டே தலைநரைத்த பெரியவர் ஒருவரிடம் என் படங்களைக் காட்டினேன். புள்ளிக்கோட்டைப் பார்த்ததும் சிரித்தார். "உள்ள மறைஞ்சிருக்கிறதப் புள்ளியில காட்டுறியா? நாங்களும் அப்படித்தாம்மா." பிறகு அந்த இரட்டை விளிம்பில் விரலை வைத்தார். "இது அளவுல இல்லையே. எங்க பிளான்ல இப்படிப் பொய் சொன்னா வேலை போயிடும். உனக்குப் பொய் வேணும்போல." வேணும்தான். துல்லியமாக வரைந்துவிட்டு, அதன்பின் வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு துளி பொய் சொல்ல எந்த மென்பொருள் விடுகிறதோ, அதுதான் நமக்கானது.

இப்படிப் பார்த்தால் பல பெயர்கள் தானாகக் கழிந்துவிடும். பெயின்ட் போன்றவை புள்ளிகளால் வரைபவை. பெரிதாக்கினால் கோடு பிசிறும், ஒரு முனையை மட்டும் பிடித்து நகர்த்த முடியாது. ஜுன் மிதானியின் ஓரிபா, மடிப்புத் தடங்களைக் கொடுத்தால் மடிந்த உருவத்தைக் கணக்கிட்டுக் காட்டும். அமண்டா கசாயியின் ஓரிகாமி சிமுலேட்டர் எல்லா மடிப்பையும் ஒரே நேரத்தில் மடித்துக் காட்டும்; பார்க்கப் பார்க்க அலுக்காது. புது உருவம் யோசிக்கிறவர்களுக்கு இரண்டுமே பொக்கிஷம். படிப்படியாகச் சொல்லிக்கொடுக்க உதவாது.

மிஞ்சுவது வெக்டர் மென்பொருள்கள், அதாவது கோட்டைப் புள்ளிகளாக்காமல் கோடாகவே வைத்திருப்பவை. இல்லஸ்ட்ரேட்டர் அருமையானது, சந்தா கட்ட வசதி இருந்தால். கோரல் டிரா எந்த டிடிபி கடையிலும் இருக்கும். கல்யாணப் பத்திரிகை அதில்தானே தயாராகிறது. ஒரு கடையில் என் பக்கங்களைச் செய்து வாங்கினேன். படம் பழுதில்லை. அவர்கள் பயன்படுத்தியது யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு. வீட்டுக் கணினியில் திறந்தால் 'மடிக்கவும்' என்ற இடத்தில் என்னென்னவோ குறிகள்.

நான் சொல்வது இன்க்ஸ்கேப். இலவசம், பழைய கணினியிலும் ஓடும், யூனிகோடு தமிழ் ஒழுங்காக வரும். துண்டுக்கோடு, புள்ளிக்கோடு வகைகள் பட்டியலிலேயே இருக்கின்றன. கோட்டின் நுனியில் அம்புத்தலை மாட்டலாம். கன்ட்ரோல் விசையை அழுத்திச் சுழற்றினால் படம் 15 பாகை 15 பாகையாக நகரும். அமைப்புக்குள் போய் அதை 22.5 ஆக்கிவிடுங்கள். செங்கோணத்தைப் பாதியாக்கி, அதையும் பாதியாக்கினால் வருவது 22.5; கொக்கின் கழுத்து முதல் பல உருவங்கள் அந்தக் கோணத்தில்தான் நிற்கின்றன. ஒரு படியை வரைந்ததும் அதையே நகலெடுத்து அடுத்த படிக்கு மாற்றுங்கள். முனையைப் பிடித்து இழுத்தால் அந்த ஒரு மில்லிமீட்டர் பொய்யும் தயார். அச்சுக்கு அனுப்புமுன் எழுத்துகளைக் கோட்டுருவாக மாற்றிவிடுங்கள். எந்தக் கடையில் திறந்தாலும் குலையாது.

அடுக்கு, அச்சுத்தாள் அளவு பற்றியெல்லாம் பேச நேரமில்லை. வெக்டர் வேண்டும், தமிழ் வர வேண்டும், முனை நம் சொல்லைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். கத்திக்கப்பல் நம் வீடுகளில் கைக்குக் கை மாறி வந்தது. இந்த வாரம் அதை ஒவ்வொரு படியாக வரையுங்கள். மடிக்கத் தெரியாத ஒருவரிடம் படத்தைக் கொடுத்துவிட்டு, வாய் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். அவர் எந்தப் படியில் விழிக்கிறாரோ, அந்த இடத்தில் இன்னொரு படம் சேருங்கள்.