மீட்டரில் ஏறாத உழைப்பு

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆன்லைன் விளையாட்டு பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சிலர் சிரித்தீர்கள். பரவாயில்லை. முன்பின் தெரியாத நாலைந்து பேர் ஒரு வேலைக்காகச் சேர்கிறார்கள். அரை மணி நேரத்துக்குள் ஒருவர் உழைப்பை இன்னொருவர் எடைபோட்டுத் தீர்ப்பும் சொல்லிவிடுகிறார். 'தகுதி' என்ற சொல் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க நல்ல இடம் இது.

'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' 2004இல் வந்தது. தொடக்கத்தில் ஒரே சர்வரில் இருப்பவர்கள்தான் கூவி ஆள் சேர்த்து ஆடினார்கள். இன்று திட்டியவரை நாளைக்கும் பார்க்க வேண்டியிருந்தது. 2009 டிசம்பரில் 'டஞ்சன் ஃபைண்டர்' என்ற வசதி வந்தது. பொத்தானை அழுத்தினால் வேறுவேறு சர்வர்களிலிருந்து ஐந்து பேரை அதுவே சேர்த்துவிடும். வேண்டாதவரை வாக்கெடுத்து வெளியேற்றவும் வழி இருந்தது. இனி அவரைப் பார்க்கப்போவதே இல்லை என்றான பிறகு, திட்டுவதற்குச் செலவே இல்லை. சொல்லிக்கொடுப்பதற்குத்தான் நேரம் செலவாகும்.

அதே காலத்தில் 'கியர்ஸ்கோர்' என்ற துணைநிரல் பரவியது. ஒருவர் அணிந்திருக்கும் கவசம், ஆயுதம் எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டும். பெரிய ரெய்டுக்கு ஆள் எடுப்பவர்கள் 'இத்தனைக்கு மேல் இருந்தால் வா' என்றார்கள். அந்த ரெய்டை ஏற்கெனவே முடித்ததற்கான அடையாளத்தையும் காட்டச் சொன்னார்கள். ஆனால் நல்ல கவசம் கிடைப்பதே அந்த ரெய்டுக்குள்தான்! கையில் என்ன இருக்கிறது என்று அளந்துவிட்டு, அதற்குத் திறமை என்று பெயர் வைத்தார்கள். இந்த ஏற்பாட்டை நமக்கு யாரும் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது 'டேமேஜ் மீட்டர்'. யார் எதிரிக்கு எவ்வளவு சேதம் செய்தார்கள் என்று வரிசைப்படுத்தும் பட்டியல். எதிரியின் மந்திரத்தைச் சரியான நொடியில் தடுத்தவர், தோழரின் மீதிருந்த நஞ்சை நீக்கியவர், தன் தாக்குதலை நிறுத்திவிட்டுத் தீயிலிருந்து விலகி ஓடியவர் யாரும் அந்த வரிசையில் மேலே வரமாட்டார்கள். தீயிலேயே நின்று அடித்தவர் முதலிடத்தில் இருப்பார். அவரை உயிரோடு வைத்திருந்த ஹீலர் பட்டியலின் அடியில் கிடப்பார். பிறகு முதலிடத்துக்காரர் கேட்பார்: "மத்தவங்க எல்லாம் தூங்குறீங்களா?"

மீட்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஐந்து பேரின் அரை மணி நேரம் அதில் போகிறது. கதாபாத்திரத்தை ஓரமாக நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகிறவருக்காக நான் வாதாட மாட்டேன். ஆனால் 'முயற்சி போதாது' என்ற சண்டைகளில் பெரும்பாலானவை சோம்பலால் வருபவை அல்ல. ஒருவர் வேகமாக முடிக்க வந்திருப்பார், இன்னொருவர் வேலை முடிந்த களைப்பில் நிதானமாக ஆட வந்திருப்பார். இரண்டு பேரும் அதைத் தொடக்கத்தில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' நடத்தும் ரயட் நிறுவனம் தன் ஆட்டங்களை ஆராய்ந்தபோது, கெட்ட நடத்தையின் பெரும்பகுதி வழக்கமாக ஒழுங்காக ஆடுபவர்களிடமிருந்தே வருவதாகக் கண்டது. காரணம் சொல்லாமல் தடை செய்தபோது பலர் திரும்பி வந்து முன்னைவிட மோசமாக நடந்தார்கள். அவர்கள் எழுதிய உரையாடலையே எடுத்துக் காட்டி, இதற்காகத்தான் தடை என்று சொன்னபோது திருந்தியவர்கள் அதிகமானார்கள். எதிரணியோடு பேசும் வசதியை ஆரம்பத்தில் அணைத்தே வைத்து, வேண்டுமென்றால் திறந்துகொள்ளலாம் என்று மாற்றினார்கள். ஒரே வாரத்தில் கெட்ட பேச்சு 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. ஆட்கள் அதே ஆட்கள்தான்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தமிழ் வாய்ஸ் சாட்டில் ஆடியவர்களுக்குத் தெரியும், தோற்கும்போது வரும் வசவு பல நேரம் ஆட்டத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. பிறப்பைப் பற்றி, தாயைப் பற்றி வரும். அதை 'டாக்சிக்' என்ற பொதுப் பெட்டிக்குள் போட்டு, பாவம் ஏதோ கோபத்தில் சொல்லிவிட்டார் என்று விடுவது எனக்கு ஏற்புடையதல்ல. அதற்கு ம்யூட், ரிப்போர்ட். அவரோடு மறுபடி ஸ்குவாட் கிடையாது.

மற்றபடி, ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. பிஜிஎம்ஐ ஆடுபவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி சுடும்போது மேலே தாவும் குறியை அடக்கப் பலரும் நம்பியிருப்பது போனில் உள்ள ஜைரோஸ்கோப்பை. விலை குறைந்த பல போன்களில் அந்தச் சென்சாரே இருக்காது. அவர் ஒரு விரலாலேயே எல்லாவற்றையும் இழுத்துப் பிடிக்கிறார், போன் சூடாகித் திணறுகிறது. ஸ்கோர் பலகையில் வருவது '0 கில்' மட்டும். "போய் லூடோ ஆடு" என்று அவரிடம் சொல்வதால் அடுத்த ஆட்டத்தில் என்ன மாறும்? "தூரத்துல சுடுறத நான் பாத்துக்குறேன், நீங்க ஷாட்கன் எடுத்துக்கிட்டு வீட்டுக்குள்ள வர்றவனப் பாருங்க, ஏறும்போது மட்டும் சொல்லிட்டு ஏறுங்க" என்றால் அவருக்குச் செய்ய ஒரு வேலை கிடைக்கிறது. இதைச் சொல்ல ஆகும் நேரமும் திட்ட ஆகும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். நானே லாபியில் எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். முதலில் சிரித்த தோழர்களிடமிருந்தே தொடங்கலாம்.