ஐயமும் தேற்றமும்
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆங்கிலக் கவிதைகளைத் தமிழாக்கும் நண்பர்கள் நம்மிடையே பலர். அவர்கள் முன்னே என் பிழையொன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். வட்டம் தோன்றிய நாள்களில் ஓர் ஆங்கிலக் கவிதையை மொழிபெயர்த்துப் படித்தேன். இறந்த தந்தையின் பெட்டியைத் திறக்கிறான் மகன். தான் விடுதியிலிருந்து எழுதிய கடிதங்கள் எல்லாம் அதில் அடுக்கியிருக்கின்றன. தந்தைக்குத் தன்மேல் இருந்த அன்பை உய்த்துணர்கிறான். ஆங்கிலத்தில் அங்கே 'மஸ்ட்' என்னும் துணைவினை. நான், 'அப்பா என்மேல் அன்பு வைத்திருக்க வேண்டும்' என்று எழுதினேன். நெசவுத் தொழில் செய்யும் மூத்த அன்பர் ஒருவர், "அப்படியென்றால் அன்பு வைக்கவில்லையா, ஐயா?" என்று கேட்டார்.

துணுக்குற்றேன். 'வேண்டும்' உய்த்துணர்வையும் காட்டும். நிறைவேறாத கடமையையும் காட்டும். நன்றியாய் எழுந்த வரி என் தமிழில் குறைகூறலாகிவிட்டது.

நம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறியருகே நின்று, வெள்ளிக்கிழமைக்குள் சேலை முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். 'முடிந்துவிடும்' என்றால் உறுதி. 'முடியலாம்' என்றால் இரண்டுக்கும் இடமுண்டு. 'முடிந்தாலும் முடியும்' என்றால் நம்பிக்கை குறைவு. இலக்கணிகள் இதனை ஐயவும்மை என்பர். 'முடியுமாம்' என்றால் பிறர் கூற்று, சொல்பவர் பொறுப்பேற்கவில்லை. நாமோ ஆங்கிலத்தில் 'மே' வந்தாலும் 'மைட்' வந்தாலும் 'பெர்ஹாப்ஸ்' வந்தாலும் 'ஒருவேளை' என்ற ஒற்றைச் சொல்லை முன்னே நிறுத்தி அமைந்துவிடுகிறோம்.

தொல்காப்பியர் இடையியலில் ஏகாரத்துக்கு ஐந்து பொருள் கூறுகிறார், முதலாவது தேற்றம். 'மன்ற' என்பதும் தேற்றம், 'கொல்' ஐயம். காமத்துப்பாலின் முதற்குறளில் இந்தக் 'கொல்' மும்முறை வருகிறது. 1886இல் வெளியான தம் ஆங்கில ஆக்கத்தில் ஜி. யு. போப் அவற்றை வினாக்களாகப் பெயர்த்தார். வினா பிறரிடம் விடை கேட்கும். 'கொல்' தன் நெஞ்சுக்குள்ளேயே மயங்கி நிற்கும். ஆங்கிலத்தில் அவருக்கு வேறு வழி அரிது. எதிர்த்திசையில் வரும் நமக்கு அவ்வறுமை இல்லை. அக்குறளுக்கு உரைகண்ட பரிமேலழகர் இக்காஞ்சியில் வாழ்ந்தாராம். இந்த 'ஆம்' தெரிந்தே இட்டது. மரபுவழிச் செய்திக்கு அதுவே நேர்மை.

என் வரியைப் பின்னர், 'அப்பா என்மேல் அன்பு வைத்துத்தான் இருந்திருக்கிறார்' எனத் திருத்தினேன். 'இருந்திருக்கிறார்' தடயம் கண்டு உணர்வதைக் காட்டுகிறது. அன்று ஏகாரம் தந்த தேற்றத்தை இன்றைய வழக்கில் பெரிதும் 'தான்' தருகிறது. அடுத்த கூட்டத்தில் படித்தபோது அப்பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஆகவே, கவிஞர்களே, மூலத்தில் ஐயப்படுபவர் யார், எவ்வளவு ஐயப்படுகிறார், கண்டு சொல்கிறாரா கேட்டுச் சொல்கிறாரா என்பவற்றை முடிவுசெய்த பின் வினைமுற்றை எழுதுங்கள். முடிந்தால், அச்சுக்குமுன் ஒருமுறை இந்த அவையில் படித்துக் காட்டுங்கள்.