நல்ல மேலவை உறுப்பினர் யார்?



நல்ல மேலவை உறுப்பினர்க்கு இலக்கணம் கூறுமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளனர். இலக்கணத்தைக் கூறுவதினும் அதற்கு இலக்கியமாக வாழ்ந்த ஒருவரைக் காட்டுவதே நன்று எனக் கருதுகிறோம். அவர் அமெரிக்க நாட்டின் பிளாஞ்ச் கெல்சோ புரூஸ்.

1841இல் வர்ஜீனியாவில் அடிமைத் தாயின் வயிற்றில் பிறந்தவர் அவர். ஆண்டானின் மகனுக்குப் பாடம் சொன்ன ஆசிரியரிடம் தாமும் எழுத்துக் கற்றார். விடுதலை பெற்றதும் கறுப்பினக் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தினார். பின்னர் மிசிசிப்பி மாநிலத்தில் வரி தண்டும் அலுவலராகவும் கல்விக் கண்காணிப்பாளராகவும் பணியாற்றினார். அந்நாளில் மாநிலச் சட்டமன்றங்களே மேலவையினரைத் தேர்ந்தெடுத்தன. அவ்வாறு தேர்வு பெற்ற புரூஸ், 1875 முதல் 1881 வரை செனட் என்னும் அந்நாட்டு மேலவையில் அமர்ந்தார்.

பதவி ஏற்கும் உறுப்பினரை அவருடைய மாநிலத்தின் மற்ற உறுப்பினர் உடன் அழைத்துச் செல்வது அவ்வவையின் மரபு. மிசிசிப்பியின் மற்ற உறுப்பினர் எழவே இல்லை. புரூஸ் தனியே நடந்தார். நியூயார்க்கு உறுப்பினர் ராஸ்கோ கான்க்ளிங் எழுந்து வந்து துணை நின்றார். தேநீர்க் கடையில் தனிக் குவளை கண்ட நமக்கு இந்த அவமதிப்பை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

புரூஸ் அந்த அவமதிப்பையே பேசிக் காலம் கழிக்கவில்லை. விடுதலை பெற்ற அடிமைகளுக்கென 1865இல் ஒரு சேமிப்பு வங்கி தோன்றியது. அரசே அதற்குப் பொறுப்பென நம்பி, துணி வெளுத்த பெண்களும் கூலியாட்களும் காசு காசாகச் சேர்த்தனர். தகாதவர்க்குக் கடன் கொடுத்து 1874இல் அது மூடப்பட்டது. 61,000க்கும் மேற்பட்டோரின் ஏறத்தாழ 30 இலட்சம் டாலர் அதில் சிக்கியது. புரூஸ் 1879இல் விசாரணைக் குழுவின் தலைவராகி, ஏடுகளைத் துருவி, நடந்த முறைகேடுகளை அவையின் முன் வைத்தார். ஆயினும் பலருக்கு ஒரு காசும் திரும்பவில்லை. ஏழையின் கணக்கைக் கேட்பதற்கு அவையில் ஒருவர் இருந்தார் என்பதே அன்று பெரிது.

அதே 1879இல் சீனர் குடியேற்றத்தைத் தடுக்கும் மசோதா வந்தது. சீனர் அவருக்கு வாக்களித்தவர் அல்லர். எனினும், அண்மைக்காலம் வரை தம் மக்களும் குடியுரிமைக்குத் தகாதவர் எனத் தள்ளப்பட்டிருந்ததை நினைவூட்டி, அதனை எதிர்த்தார். தன் புண்ணை அறிந்தவன் பிறர் புண்ணையும் அறியவேண்டும் அன்றோ?

ஆனால் ஒருவர் நல்லவராயிருத்தல் மட்டும் போதாது. 1875இல் மிசிசிப்பியில் கறுப்பின வாக்காளர்களை அடித்தும் அச்சுறுத்தியும் தேர்தல் நடத்தினர். விசாரணை வேண்டுமென்று புரூஸ் 1876இல் முழங்கினார். வாக்குரிமை மெல்ல மெல்லப் பறிபோயிற்று. 1881இல் அவர் இறங்கிய பின், 1967இல் எட்வர்டு புரூக் அமரும் வரை, அம்மேலவையில் கறுப்பினத்தவர் எவரும் இல்லை. வாக்குரிமையைக் காவாத மக்கள் தம் உறுப்பினரையும் காக்க இயலாது.

நம் மாநிலங்களவைக்கும் சட்டமன்ற உறுப்பினர்களே வாக்களிக்கின்றனர். மக்களவையில் உள்ளதுபோல் தனித்தொகுதி அங்கு இல்லை. ஆகவே நம்மவர் ஒருவர் அங்குச் செல்வது எளிதன்று. சென்றவர் வாளாவிருப்பின் இழப்பு பெரிது. சென்னைச் சட்டசபையில் நியமன உறுப்பினராயிருந்தும், பொதுச் சாலையும் பொதுக் கிணறும் நமக்கும் உரியவை என்னும் தீர்மானத்தை 1924இல் கொண்டுவந்த இரட்டைமலை சீனிவாசனார் நமக்கு வழி காட்டியுள்ளார்.

எனவே அவைக்குச் செல்வோரிடம் மூன்று கேள்விகள் கேட்போம். செல்லும் முன் யாருக்கு உழைத்தீர்? சென்ற பின் எந்த ஏழையின் கணக்கைக் கேட்டீர்? உமக்கு வாக்களிக்காத எவருக்காக வாய் திறந்தீர்?

மாணவச் செல்வங்களே! புரூஸின் பொதுவாழ்வு ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் தொடங்கிற்று. இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் ஏற்றிவரும் விளக்கும் அத்தகையதே. அதன் ஒளியில் கணக்கையும் சட்டத்தையும் கசடறக் கற்றுக்கொள்ளுங்கள். அவையில் கேட்க வேண்டிய கேள்விகள் இன்னும் பல உள்ளன.