விடியற் கூத்தும் ஒன்றரை மணிக் கூத்தும்



முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையில் கூத்துக் களரி கட்டிய இரவொன்றைக் கண்டோர் அதனை எளிதில் மறந்துவிடார். பாயும் பிள்ளைகளுமாக மக்கள் வந்து திடலைச் சூழ்ந்து அமர்வர். மத்தளம் அதிரும், தாளம் ஒலிக்கும், வரவுப் பாட்டுடன் ஆட்டக்காரர் களரி புகுவர். அங்கு ஆடப்பெறும் கோவலன் கூத்தின் முறையை 'முல்லைமோடி' என வழங்குவர். வற்றாப்பளைக் கண்ணகி அம்மனை வழிபடும் மக்களுக்கு அக்கதை வெறும் பொழுதுபோக்கன்று. தம் தெய்வத்தின் வரலாறு. ஆதலால் பாடுவோன் குரல் கம்மினாலும், ஆடுவோன் கால் தாளம் பிசகினாலும், அவர்கள் முகஞ் சுளிப்பதில்லை.

இத்தகைய கலையொன்றைக் கற்றோர் எடுத்துச் செப்பஞ் செய்தால், பார்த்தும் கேட்டும் பழகியோர் யாது கூறுவர்? இவ்வினா நம் நாட்டில் உண்மையாகவே எழுந்தது.

1956ஆம் ஆண்டில் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 'மனமே' என்னும் சிங்கள நாடகத்தை மேடையேற்றினார். தமிழ்க் கூத்தோடு உறவுடைய நாடகம என்னும் மரபை அவர் புதுக்கியமை, பேராதனையில் தமிழ் கற்பித்த சு. வித்தியானந்தனுக்கும் ஊக்கமளித்தது. மட்டக்களப்பு அண்ணாவிமாரின் துணையுடன், பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு, 1962இல் 'கர்ணன் போர்', 1963இல் 'நொண்டி நாடகம்', 1964இல் 'இராவணேசன்' ஆகியவற்றை அவர் அளித்தார். விடியும்வரை நிகழ்ந்த கூத்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருங்கிற்று. வட்டக்களரியில் நாற்புறமும் நோக்கி ஆடியது, ஒருபுறம் மட்டும் திறந்த மேடைக்கு ஏறிற்று. ஒளியும் உடையும் ஒழுங்கு பெற்றன.

பார்த்தோர் கருத்து இரண்டாகப் பிளந்தது. கூத்தைப் பாமரர் ஆட்டமென ஒதுக்கிய நகரத்தார் முதன்முறையாக மண்டபத்தில் அமர்ந்து வியந்தனர். ஊர் அண்ணாவியாருக்குக் கற்றோர் நடுவே மதிப்பு உண்டாயிற்று. 'இராவணேசன்' நாடகத்தில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பின்னர் பேராசிரியராகி அதனை மீண்டும் மேடையேற்றினார். இவையெல்லாம் பெரும் பேறே, மறுப்பதற்கில்லை.

மறுசாரார் கூறியதிலும் நியாயம் உண்டு. பிற்பாட்டுக்காரர் ஒரு வரியைத் திருப்பிப் பாடுவது வீண் நீட்சியன்று. அந்நேரத்தில் ஆடுவோன் மூச்சு வாங்குகின்றான். கடைசி வரிசைக் கிழவி தவறவிட்ட சொல்லைப் பிடித்துக்கொள்கின்றாள். மடியில் உறங்கிய குழந்தை கோவலன் கொலைப்படும் கட்டத்தில் திடுக்கிட்டு விழித்துப் பார்க்கின்றது. நேரத்தைக் குறைக்கும்போது இவையும் குறைகின்றன. பின்னாளில் கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சி. ஜெயசங்கர், மேடைக்கெனச் செம்மைப்படுத்துவதை விடுத்து, ஊர்மக்களே தம் களரியில் நின்று காலத்துக்கேற்பக் கூத்தை மாற்றும் 'மீளுருவாக்கம்' என்னும் வழியை முன்வைத்தமைக்கு இம்மனக்குறையும் ஒரு காரணம் எனலாம்.

இது நமக்கு மட்டும் உரிய வழக்கன்று. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், பங்க் இசையை அடுத்து எழுந்த 'காங் ஒஃப் ஃபோர்' என்னும் குழு, 1979இல் முரட்டுக் கிற்றார் ஒலியுடன் தன் முதல் இசைத்தட்டை வெளியிட்டுப் புகழ்பெற்றது. 1983இல் பெண்குரல்களும் வயலின் முதலிய நரம்பிசையும் கலந்து, மெருகேற்றிய தட்டொன்றைத் தந்தது. 'கடினம்' என்னும் பொருளுடைய பெயரைத் தாங்கிய அத்தட்டு மென்மையாகிவிட்டதெனப் பழைய அன்பர் பலர் குறைபட்டனர். இனிமை கூடிற்றென மகிழ்ந்தாரும் உளர். கடலுக்கு அப்பாலும் வழக்கு ஒன்றே.

வன்னிக்கு இவ்வழக்கு ஏட்டளவில் நிற்பதன்று. 2009ஆம் ஆண்டின் பேரழிவில் மக்கள் வீடும் உடைமையும் இழந்து இடம்பெயர்ந்தனர். கூத்துக் கொப்பி போனாலும், பாட்டு அண்ணாவியாரின் நெஞ்சில் இருந்தது. அவரையும் இழந்த ஊருக்கோ, கொப்பி கிடைத்தாலும் ஆட்டம் கிடைப்பதில்லை. ஏனெனில் தாளக்கட்டைத் தாளில் எழுதலாம், காலிலே எழுத ஆசான் வேண்டும்.

இன்று பாடசாலைப் போட்டிகளில் பிள்ளைகள் குறுகிய நேரக் கூத்தை அழகாக ஆடுகின்றனர். உடை மின்னுகின்றது, தாளம் தவறுவதில்லை. ஆயினும் பரிசு பெற்ற பிள்ளை விடியற் கூத்து ஒன்றையேனும் களரியோரம் இருந்து கண்டதில்லையாயின், அது சுருக்கத்தைக் கற்றதேயன்றிச் சுருக்கப்பட்டதை அறியவில்லை. எதை விட்டோம் என்று அறியாதவன் நாளை எதைச் சேர்ப்பான்?

ஆகவே மெருகு நன்றா தீதா என்று வாதிடுவதிலும், மெருகேற்றிய கூத்தைக் கண்டோர் களரியை நாடித் திரும்புகின்றனரா என்று வினவுவதே தகும். திரும்புவராயின் அம்மெருகு வாயில். திரும்பாராயின் அது மதில். அண்ணாவியாரைப் பாடசாலைக்கு அழைப்பதும், வைகாசியில் பிள்ளைகளைக் களரிக்கு அழைத்துச் செல்வதும் பெருஞ்செலவு வேண்டாப் பணிகள். அவர் குரல் ஓயுமுன் அவை நடைபெறல் வேண்டும்.