மருந்து என்னும் சொல்

(ஆசிரியர் பயிற்சி முகாமில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் சுருக்கம்)



ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் நாயைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தான். நாயின் வாயில் எச்சில் ஒழுகியது, உடல் நடுங்கியது, கண்பாவை ஊசிமுனையாய்ச் சுருங்கியிருந்தது. "உண்ணி நிறைய இருந்துச்சு சார். வயலுக்கு அடிக்கிற மருந்தைத் தேய்ச்சு விட்டேன்" என்றான். முதலில் அவன் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவச் செய்தேன். பிறகு நாய்க்கு அட்ரோபின் ஊசி போட்டு, கையுறையுடன் அதன் உடலைக் கழுவினோம். நாய் பிழைத்தது.

அந்தப் பிள்ளை அன்பினால் செய்தான். தவறு நாம் கொடுத்த சொல்லில் இருக்கிறது. பூச்சிக்கொல்லியை 'மருந்து' என்கிறோம். எலி நஞ்சையும் 'எலி மருந்து' என்கிறோம். மருந்து நல்லது செய்யும் என்றுதானே குழந்தை நம்பும்?

மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்றவை நரம்புகளுக்குத் தேவையான கோலினெஸ்டெரேஸ் நொதியை முடக்குகின்றன. தோல் வழியாகவும் உட்புகுகின்றன. அந்த நொதி பூச்சிக்கும் உண்டு, நாய்க்கும் உண்டு, நமக்கும் உண்டு. 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டப் பள்ளியொன்றில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தார்களே, உணவில் கலந்திருந்தது மோனோகுரோட்டோபாஸ்தான்.

வகுப்பில் சொல்ல வேண்டியவை சில. பூச்சிக்கொல்லியைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கக் கூடாது. காலி டப்பாவில் நாய்க்குத் தண்ணீர் வைக்கக் கூடாது. நாய்களுக்கான பெர்மெத்ரின் உண்ணி மருந்தைப் பூனைக்குப் போட்டால் பூனை இறக்கலாம். புரோமடியோலோன் எலிக்கட்டி தின்ற நாய் சில நாள் நன்றாகவே இருக்கும். பிறகுதான் உள்ளே இரத்தம் கசியும். எனவே அறிகுறிக்குக் காத்திருக்கக் கூடாது. உப்புநீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. உடனே 1962 எண்ணை அழைக்க வேண்டும். மருத்துவரிடம் செல்லும்போது டப்பாவின் லேபிளைக் காட்ட வேண்டும்.

லேபிளில் ஒரு சாய்சதுர வண்ணக்குறி இருக்கும். சிவப்பு மிகக் கடும் நஞ்சு. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. பச்சை என்றால் ஆபத்தில்லை என்று பொருளல்ல. நஞ்சு குறைவு என்றே பொருள். கரும்பலகையில் வரைந்து காட்டுங்கள். டப்பாவைக் கொண்டு வரச் சொல்லாதீர்கள்.

நாளை முதல் வகுப்பில் 'மருந்து அடித்தார்கள்' என்று ஒரு பிள்ளை சொன்னால், 'நஞ்சு' என்று திருத்துங்கள். அந்த ஒரு திருத்தம் ஒரு நாயையும் காக்கும், அதைத் தடவும் கையையும் காக்கும்.